பதினேழாம் எண்

முதலில் பந்துகளை ஒட்ட வேண்டும்.
சுண்டைக்காய் அளவு, சாம்பல் நிறம்,
வெளிச்சம் பட்டால் மட்டும் கண் திறப்பவை.
இடுப்பெலும்பின் முனைகளில், முட்டிக்கு வெளியே,
கணுக்காலில், குதிகாலில்.
எலும்பு எங்கே தோலுக்கு மிக அருகில் வருகிறதோ
அங்கே விரலால் தேடி அழுத்துவேன்.
பதினொரு வருடமாக இதற்குத்தான் சம்பளம்.

நீலவ்வா நெளிந்தாள்.
"பஸ்ல எல்லாரும் இடிப்பாங்க.
கேட்டுட்டு யாரும் தொட்டதில்ல" என்றாள் கன்னடத்தில்.

கதக் பக்கம் ஊர். 500-டி வண்டி.
சில்க் போர்டிலிருந்து ஹெப்பாள்,
ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு,
பத்தொன்பது வருடம், பெரும்பாலும் நின்றபடி.
வசூலைக் கட்டிவிட்டு வந்த வெறும் தோல்பைதான்;
ஆனாலும் மேசையில் வைக்க மனமில்லாமல்
என் மடியில் வைத்தாள்.

திரையில் ஆள் மறைந்துவிடுவாள்.
முகம் இல்லை, காக்கி இல்லை,
இருட்டில் இருபத்திரண்டு புள்ளிகள் நடக்கும்.
பார்த்த கணத்தில் தெரிந்துவிடும்
நடப்பது ஒரு பெண்,
வலது முட்டியை யாருக்கும் சொல்லாமல் காப்பாற்றுகிறாள் என்று.

புது மாணவர்களுக்குச் சொல்வதை அவளுக்கும் சொன்னேன்:
நடப்பது என்றால் விழுவது.
விழுந்து முடிக்கும்முன் ஒரு காலை நீட்டி ஏந்திக்கொள்வது,
பிறகு அந்தக் காலைத் தாண்டி மறுபடி விழுவது.
நாம் தரையை எவ்வளவு மிதிக்கிறோமோ
தரையும் அவ்வளவே நம்மை மிதிக்கும்.
"எங்க டிப்போ மேனேஜர் மாதிரியா?"
இல்லை அக்கா. தரை கணக்கில் ஏமாற்றாது.

விசைத்தட்டைக் கடந்தாள்.
கோடு ஒட்டக முதுகாய் எழுந்தது:
குதிகால் இறங்க ஒரு திமில், விரல் உந்த ஒரு திமில்,
நடுவில் சின்னப் பள்ளம்.
ஊன்றிய காலின்மேல் உடம்பு மிதந்து போகும் இடம் அது.
அங்கே ஒரு நொடிக்கும் குறைவாக
நாம் எல்லோரும் நம் எடையைவிடக் குறைவு.
அந்தப் பள்ளத்தை அவளுக்குக் காட்டினேன்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்தது அசையும் மேடை.
சொல்லாமல் பின்னால் இழுப்போம்.
காலையில் வந்த கபடிப் பையன் ஓர் எட்டு வைத்தான்,
எங்கள் பேராசிரியர் மூன்று.
நீலவ்வா நின்றாள்.
"டிரைவர் பரவாயில்ல" என்றாள்.

மேடையை நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னேன்.
முப்பது நொடி, வெறுமனே நிற்க வேண்டும்.
யாராலும் அசையாமல் நிற்க முடியாதுதான்;
கணுக்கால்கள் ஓயாமல் முன்னும் பின்னும் திருத்திக்கொண்டிருக்கும்.
ஆனால் இவள் கோடு நூல்கண்டு சிக்கியதுபோல் சுற்றியது.
வலது கை தானாக உயர்ந்து
காற்றில் ஒரு கம்பியைத் தேடியது.
"ஓடாத தரைய நம்ப முடியல, மேடம்."

ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை.
ஒவ்வோர் அடியிலும் உடல் வலப்பக்கம் சாய்கிறது.
கேபிளைக் கழற்றி மாட்டினேன்.
தட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து
திரும்ப நடக்கச் சொன்னேன். அதே சாய்வு.

மடியில் பை இருந்தது.
இடது தோளில் மாட்டுவது.
சில்லறை ஓடிய காலத்தில் நாலு கிலோ கனக்குமாம்.
இப்போது பாதிப்பேர் போனில் கட்டுகிறார்கள்,
பைக்குள் பெரும்பாலும் காற்று.
உடம்புக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.

அறிக்கையில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
நாலு வார்த்தைக்குமேல் கொள்ளாது.
பெயருக்குப் பதில் பதினேழு என்று அடித்தேன்.
போக்குவரத்துப் படி முந்நூறு, கையெழுத்து.
"இதனால எங்களுக்கு உட்கார ஸீட்டு வருமா?"
தெரியாது என்றேன். அது உண்மை.

பையை மாட்டினாள். நேரானாள்.

அவள் லிஃப்ட் இறங்கியபிறகுதான் பந்துகளை எண்ணினேன்.
இருபத்தொன்று.
வலது குதிகாலில் ஒன்றை எடுக்கவில்லை.
தொலைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

போகட்டும்.
இன்றிரவு மாரத்தஹள்ளியில்
அவள் படியில் கால் வைக்கும்போது
பின்னால் வரும் வண்டியின் விளக்கு பட்டு
ஒருமுறை கண் திறக்கும்.